சாவி எங்கே?

மாஸ்டருக்கு வாய்த்த குரல் அப்படி. அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். வண்டி தெருமுனையில் திரும்பும் முன்பே "கிளட்சை மிதி! மிதின்னா மிதி!" என்கிற சத்தம் வந்து சேர்ந்துவிடும். கற்றுக்கொள்ள வந்தவர்களில் பாதிப்பேர் அந்தக் கூச்சலுக்குப் பயந்தே ஒழுங்காக ஓட்டப் பழகினார்கள். பயிற்சி வண்டி என்பதால் அவர் உட்காரும் பக்கத்திலும் காலடியில் ஒரு பிரேக் உண்டு. "நீ என்ன தப்பு வேணா பண்ணு, என் காலுக்குக் கீழ ஒரு பிரேக் இருக்கு" என்பார். யாருக்கு என்ன ஆபத்து வந்தாலும் அதைத் தன் கால் தடுத்துவிடும் என்கிற நினைப்பு, வண்டியை விட்டு இறங்கிய பிறகும் அவரை விட்டுப் போகாது.

அவரிடம் ஓட்டக் கற்றுக்கொண்டவர்களில் ஒருவர் ஆஸ்பத்திரி மனநலப் பிரிவில் வேலை பார்க்கும் நர்ஸ். ஒரு நாள் வண்டியை நிறுத்திவிட்டு, "மாஸ்டர், நாங்க ஒரு நாடகம் போடறோம், நடிக்க வர்றீங்களா?" என்று கேட்டார். மாஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை. என்ன வேஷம் என்று கேட்டார்.

"கணவன். மனைவி மனசு உடைஞ்சு படுத்திருக்கா. இவருக்கு அது புரியவே மாட்டேங்குது. கத்தறார்."

"கத்தறதுன்னா சரி," என்று சிரித்தார் மாஸ்டர். "மத்தபடி நமக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லையே சிஸ்டர்."

சம்பந்தமே இல்லையாம். அவர் அதைச் சொன்ன அதே நேரத்தில் அவர் வீட்டில் தையல் மெஷின் ஓடாமல் கிடந்தது. ஊர் முழுக்க இருக்கிற ஜன்னல் திரைச்சீலைகளையும் பள்ளிச் சீருடைகளையும் தைத்துக் கொடுத்த மனைவி, கையில் ஊசியோடு சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த நேரத்தில் யாராவது கேட்டிருந்தால், ஊசியில் நூல் கோக்கவில்லை என்பதுகூட அவளுக்குத் தெரிந்திருக்காது. கேட்பதற்குத்தான் ஆள் இல்லை. கட்டியவர் நாடகத்துக்கு ஒப்புக்கொண்டு சந்தோஷமாக வந்துகொண்டிருந்தார்.

நாடகம் நடக்கப் போவது மாஸ்டர் வீட்டிலிருந்து ஒரு நாற்சந்தி தள்ளி இருந்த பொதுக்கூடத்தில். நடிப்பவர் யாரும் நடிகர் இல்லை. மனைவி வேஷத்துக்கு ஆரம்பப்பள்ளி டீச்சர், மனைவியின் அண்ணன் வேஷத்துக்கு மருந்துக்கடைக்காரர், கணவனாக நம் மாஸ்டர். முதல் தடவை நாடகத்தை முழுதாகப் போட்டுக் காட்டுவார்கள். அது நல்லபடியாக முடியாது. பிறகு அதே நாடகத்தை மறுபடி தொடங்குவார்கள். இந்த முறை பார்க்க வந்தவர்களில் யார் வேண்டுமானாலும் கை தூக்கி "நிறுத்துங்க" என்று சொல்லலாம். சொன்னவர் மேடைக்கு ஏறி, கணவன் இடத்திலோ அண்ணன் இடத்திலோ நின்று, தான் அங்கே இருந்தால் என்ன பேசியிருப்போம் என்று பேசிக் காட்ட வேண்டும். வேறு விதமாகப் பேசினால் வேறு விதமாக முடிகிறதா என்று எல்லோருமாகப் பார்ப்பது. நர்ஸின் மொத்த நோக்கமும் இதுதான்.

ஒரு விஷயத்தில் மட்டும் நர்ஸ் விடாப்பிடி. "எழுதியிருக்கறதை மட்டும் பேசுங்க. ஒரு வார்த்தைகூடச் சேர்க்க வேண்டாம். கீழ உக்காந்திருக்கறவங்கள்ல யார் எந்த நிலைமைல வந்திருக்காங்கன்னு நமக்குத் தெரியாது. அந்தப் பொண்ணு வாயிலேருந்து தப்பா ஒரு வார்த்தை வந்தா, யாரோ ஒருத்தருக்கு அது யோசனையாப் போயிடும். டாக்டர் பார்த்து ஒவ்வொரு வரியையும் சரின்னு சொல்லியிருக்கார்." நியாயமான பேச்சு. மாஸ்டருக்குச் சட்டம் என்றால் உயிர். சிவப்பு விளக்கில் நிற்காதவர்களைத் துரத்திப்போய்த் திட்டுகிற ஆள் அவர். ஒத்திகையில் யாராவது "அப்புறம்" என்று ஒரு சொல்லைக் கூட்டிவிட்டால்கூட, "அது எழுதினதுல இல்ல" என்று விரலைத் தூக்கிவிடுவார். நர்ஸைவிட இவர் மோசம் என்று டீச்சர் அலுத்துக்கொண்டார்.

மருந்துக்கடைக்காரருக்குத்தான் பாடு. கடைசிக் காட்சியில் அண்ணன் தங்கையிடம் நேராகக் கேட்க வேண்டும்: "செத்துப்போயிடணும்னு நினைக்கிறியா?" அந்த வரி வரும்போதெல்லாம் மனிதர் தொண்டையைக் கனைப்பார், கூரையைப் பார்ப்பார், "அப்படி இப்படி ஏதாவது நினைக்கிறியா" என்று மழுப்புவார்.

"மழுப்பாதீங்க," என்றார் நர்ஸ். "கேட்டா அந்த நினைப்பு புதுசா வந்துடும்னு எல்லாரும் பயப்படறாங்க. வராது. ஏற்கெனவே இருந்தா, கேக்கறதுக்கு ஒரு ஆளாவது வந்தாங்களேன்னு இருக்கும். நேராக் கேளுங்க."

"இதுக்குப் போய் ஏன் இப்படி வேர்க்குது உங்களுக்கு?" என்று மாஸ்டர் கேலி செய்தார். "நான் கேட்டுக் காட்டவா?" கேட்டும் காட்டினார், கூடம் அதிர. எல்லோரும் சிரித்தார்கள்.

மாஸ்டரால் படித்து மனப்பாடம் செய்ய முடியாது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் அடுத்த நிமிஷம் கொட்டாவி. காதால் கேட்டால்தான் மண்டையில் ஏறும். அதனால் காலையில் வண்டியை எடுக்கக் கிளம்பும் முன், மனைவி கையில் நாடகப் பிரதியைக் கொடுத்து உட்கார வைப்பார். டீச்சர் பேச வேண்டியதை அவள் படிக்க வேண்டும். இவர் ஷூவுக்கு பாலிஷ் போட்டுக்கொண்டே தன் வரிகளைச் சொல்வார்.

"மணி என்ன ஆச்சு, இன்னும் படுத்திருக்கே?"

"உடம்புக்கு முடியல," என்று அவள் படிப்பாள்.

"காய்ச்சலா? தலைவலியா? ஒண்ணும் இல்லையே!"

"எதுவும் பிடிக்கல. எழுந்திருக்கவே முடியல."

"எல்லாருக்கும் இருக்கறதுதான். எழுந்து வேலையைப் பாரு."

முதலில் எழுத்துக்கூட்டி, தட்டுத்தடுமாறிப் படித்தாள். போகப் போகப் பிரதியைப் பார்க்காமலே சொல்ல ஆரம்பித்தாள். மாஸ்டருக்கு ஒரே பெருமை. "டீச்சரைவிட நீ நல்லாச் சொல்றே. அந்தம்மா என்னமோ பாடம் நடத்தற மாதிரி பேசுது. நீ பேசினா நிஜமாவே முடியாதவ பேசற மாதிரி இருக்கு," என்றார். அவள் பிரதியை மடித்து மேஜை மேல் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். அடுப்படியில் இருந்து வெகுநேரம் சத்தமே வரவில்லை. அதையெல்லாம் கவனிக்க அவருக்கு ஏது நேரம்?

ஒரு நாள் காலை, "எழுந்திருக்கவே முடியல" என்று சொன்னவள் அத்தோடு நிறுத்தவில்லை.

"கிணத்துக்குள்ள நின்னு பேசற மாதிரி இருக்குங்க. நான் பேசறது எனக்கே கேக்கல."

மாஸ்டரின் கையில் இருந்த பாலிஷ் பிரஷ் நின்றது. ஒரே ஒரு கணம். அந்த ஒரு கணத்தில் அவர் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்திருந்தால் இந்தக் கதையே இல்லை. அவர் பார்த்தது விரலை. தன் விரலைத்தான், தூக்கிய விரலை.

"அது எழுதினதுல இல்ல," என்றார். "எழுதினதை மட்டும் படி. நீ பாட்டுக்குச் சேர்த்தா எனக்கு வரி மறந்துடும்."

"சரிங்க," என்றாள் அவள்.

எத்தனை நாள் யோசித்து, எவ்வளவு தைரியத்தைத் திரட்டி, யாரோ எழுதிய வரிக்குப் பின்னால் ஒளிந்து நின்று அவள் அந்த ஒன்றைச் சொன்னாளோ தெரியாது. நேராகச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. நாடகத்தோடு நாடகமாகச் சொல்லிப் பார்த்தாள். அதையும் அவர் திருத்திக் கொடுத்துவிட்டார். எனக்கு அவர் மேல் எவ்வளவு கோபம் வந்தாலும், நல்ல மனுஷர்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சம்பாதித்ததைக் கொண்டுவந்து அவளிடம்தான் கொடுப்பார். அவளுக்குக் காலில் முள் குத்தினால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார். முள்ளென்றால் கண்ணுக்குத் தெரியும், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு வீட்டில் சில காரியங்கள் நடந்தன. பாதி தைத்துக் கிடந்த துணியெல்லாம் ஒரே மூச்சில் தைத்து முடிக்கப்பட்டு, தேய்த்து மடிக்கப்பட்டு, உரியவர்கள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தன. மாஸ்டர், "பரவாயில்லையே, சோம்பல் போயிடுச்சே" என்றார். துணி துவைக்கும் மெஷினில் எந்தப் பொத்தானை எப்போது அமுக்க வேண்டும் என்று அவரைக் கூப்பிட்டு அவள் காட்டிக்கொடுத்தாள். அவர் தலையாட்டிக்கொண்டே போனில் யாருக்கோ பாட நேரத்தை மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். மாடிவீட்டு அக்கா படியில் அவரைப் பார்த்து நிறுத்தினார்.

"உங்க வீட்டம்மா தையல் மெஷினைக் கொண்டுவந்து நீயே வச்சுக்கோன்னு குடுத்துட்டாங்களே, ஏன்? எனக்குத் தைக்கவே தெரியாது!"

"முட்டி வலி, அக்கா. மிதிக்க முடியல போல."

"இது மிதிக்கற மெஷின் இல்லையே. கரண்ட்ல ஓடறதாச்சே."

மாஸ்டர் சிரித்து மழுப்பிவிட்டு வண்டிக்குப் போய்விட்டார். வேறு ஊரில் படித்துக்கொண்டிருந்த மகள் போன் செய்தாள். "அப்பா, அம்மா ஏம்பா எதுக்கெடுத்தாலும் என்கிட்ட மன்னிப்புக் கேக்கறா? சின்ன வயசுல அடிச்சதுக்கெல்லாம் இப்போ கேக்கறா. எனக்கு என்னமோ மாதிரி இருக்கு."

"நாடகத்துக்கு வசனம் படிச்சுக் குடுக்கறாம்மா. அதுல ஒரே அழுகாச்சி. அந்த மூடுலயே இருக்கா," என்றார் மாஸ்டர். மகளும் நம்பிவிட்டாள். அத்தனைக்கும் அவரிடம் பதில் இருந்தது. எதிரே லாரி வருகிறது என்று பக்கத்தில் இருப்பவர்கள் எல்லாம் கத்துகிறார்கள், பிரேக் என் காலடியில்தான் இருக்கிறது என்று இவர் ஜன்னலுக்கு வெளியே வேடிக்கை பார்க்கிறார்.

நாடகத்துக்கு முந்தைய வாரம் கூடத்துக்கு வர்ணம் அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒத்திகைக்கு இடமில்லை. மூன்றாம் காட்சியில் டாக்டர் சில வரிகளை மாற்றியிருப்பதாகச் சொல்லி, நர்ஸ் எல்லோருக்கும் புதுப் பிரதி கொடுத்து அவரவர் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளச் சொன்னார். மாஸ்டர் பிரதியைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. அப்படியே கொண்டுபோய் மனைவியிடம் கொடுத்தார். "மூணாவது காட்சி மாறியிருக்காம். படி, கேட்டுக்கறேன்."

அவள் படித்தாள். மாற்றங்கள் பெரிதாக ஒன்றுமில்லை. இவர் "எல்லாருக்கும் இருக்கறதுதான், எழுந்து வேலையைப் பாரு" என்றதும் முன்பெல்லாம் காட்சி முடிந்துவிடும். இப்போது இவருக்கு இன்னும் ஒரு வரி இருந்தது: "சாவி எங்க? நான் கிளம்பணும்."

அடுத்த நாள் காலை அந்த இடம் வந்தது.

"எல்லாருக்கும் இருக்கறதுதான். எழுந்து வேலையைப் பாரு."

"பார்த்துட்டேங்க. எல்லா வேலையையும் முடிச்சுட்டேன். ஞாயித்துக்கிழமையோட என்னால யாருக்கும் தொந்தரவு இருக்காது."

மாஸ்டர் யோசித்தார். நேற்று இந்த வரி இருந்ததா? இருந்திருக்கும், நாம்தான் பாதித் தூக்கத்தில் கேட்டோம். ஞாயிற்றுக்கிழமை என்று எதற்குப் போட்டிருக்கிறார்கள்? நாடகம் ஞாயிற்றுக்கிழமைதானே, பொருத்தமாக இருக்கட்டும் என்று டாக்டர் போட்டிருப்பார். டாக்டர் கெட்டிக்காரர்.

"சாவி எங்க? நான் கிளம்பணும்," என்றார் மாஸ்டர் கம்பீரமாக.

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். இந்த முறை அவர் விரலைத் தூக்கவில்லை, திருத்தவில்லை. காதில் வாங்கிக்கொண்டுதான் பதில் சொன்னார் என்று அவள் நினைத்தாள். அவர் பதில் சொன்ன அழகு அப்படி. ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துக் கையில் கொடுத்தாள். மாஸ்டர் எங்கேயாவது தொலைத்துவிடுவார் என்று அந்த வீட்டுச் சாவியில் உள்ளங்கை அகல மரக்கட்டை ஒன்றைக் கோத்து வைத்ததும் அவள்தான்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு காலையும் அந்த வரி வந்தது. ஒவ்வொரு காலையும் இவர் சாவி எங்கே என்று கேட்டார். சனிக்கிழமை அன்று அந்த வரியைச் சொல்லும்போது அவள் குரலில் தடுமாற்றமே இல்லை. அழுத்தம் இல்லாமல் அவ்வளவு லேசாக, கடைக்குப் போய்வருகிறேன் என்பது போலச் சொன்னாள். "பாரு, இப்போதான் சரியா வருது," என்று மாஸ்டர் பாராட்டினார். அவருக்கு அன்றைக்கு நல்ல பசி.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். கூடத்தில் புது வர்ணத்தின் வாடை. நாடகத்துக்கு வேண்டிய சாமானை அவரவரே கொண்டுவர வேண்டும் என்பதால் மாஸ்டர் தன் வீட்டுச் சாவியையே எடுத்து வந்திருந்தார். மரக்கட்டை கடைசி வரிசைக்கும் தெரியும். கிளம்பும்போது மனைவி குளித்து, நல்ல உடுப்பு உடுத்தி, தலையை வாரிக்கொண்டிருந்தாள். எத்தனையோ வாரத்துக்குப் பிறகு அவள் முகத்தில் ஒரு தெளிவு. "நீங்க முன்னாடி போங்க, மாடிவீட்டு அக்காவோட வர்றேன்," என்றாள். வாசல் வரை வந்து அவர் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். அவளுக்குச் சரியாகிவிட்டது என்று மாஸ்டர் நினைத்துக்கொண்டு போனார். ஆக, ஏதோ சரியில்லாமல் இருந்தது என்று அவருக்கும் உள்ளுக்குள் தெரிந்துதான் இருந்திருக்கிறது. தெரிந்தும் கேட்கவில்லை. அதுதான் என்னால் மன்னிக்க முடியாதது.

கூடம் நிறைந்துவிட்டது. முதல் இரண்டு காட்சிகள் தங்கமாகப் போயின. மாஸ்டர் கத்திய கத்தலில் முன்வரிசைப் பெண்கள் அவரை முறைத்தார்கள். அவருக்கு அது பதக்கம் குத்தின மாதிரி இருந்தது. மூன்றாம் காட்சி. டீச்சர் கட்டிலில் படுத்திருந்தார். மேஜை மேல் சாவி. விளக்கு மாஸ்டர் மேல் விழுந்தது.

"எல்லாருக்கும் இருக்கறதுதான்! எழுந்து வேலையைப் பாரு!"

சொல்லிவிட்டுக் காத்திருந்தார்.

டீச்சர் மெதுவாகத் திரும்பிச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். ஒன்றும் பேசவில்லை.

மாஸ்டர் இன்னும் காத்திருந்தார். பாவம், மறந்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்து, கட்டில் பக்கம் குனிந்து, உதடு அசையாமல் எடுத்துக்கொடுத்தார். "பார்த்துட்டேன்... எல்லா வேலையையும் முடிச்சுட்டேன்..."

டீச்சர் போர்வைக்குள்ளிருந்து கிசுகிசுத்தார். "என்ன மாஸ்டர்? நீங்கதான் அடுத்தது."

"ஞாயித்துக்கிழமை வரி. ஞாயித்துக்கிழமையோட யாருக்கும் தொந்தரவு இருக்காதுன்னு வருமே."

"அப்படி ஒரு வரியே இல்ல. நான் ஒண்ணும் பேசாமத் திரும்பிப் படுக்கணும், அவ்வளவுதான்."

ஓரத்திரைக்குப் பின்னால் நின்ற நர்ஸ், பிரதியைப் பார்த்து, "சாவி எங்க, சாவி எங்க," என்று எடுத்துக்கொடுத்தார். மாஸ்டருக்கு அது காதில் விழுந்தது. வாயும் திறந்தது. சொல் வரவில்லை. அப்படி ஒரு வரியே இல்லை. அப்படியானால் வாரம் முழுக்க, தினமும் காலையில், அதைச் சொன்னது யார்?

மேடை விளக்கின் கூச்சத்தில் கண்ணை இடுக்கிக்கொண்டு கீழே பார்த்தார். மூன்றாம் வரிசையில் மாடிவீட்டு அக்கா உட்கார்ந்திருந்தார். பக்கத்து நாற்காலியில் அவர் கைப்பை இருந்தது. யாருக்கோ இடம் பிடித்து வைத்திருக்கிற கைப்பை.

தையல் மெஷின் மின்சாரத்தில் ஓடுவது. மகளிடம் கேட்ட மன்னிப்பு. துணி மெஷினின் பொத்தான்கள். கிணற்றுக்குள் நின்று பேசுவது போல. காலரைச் சரிசெய்த கை. எல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாக வந்து விழுந்ததில் மாஸ்டரின் வலது கால், இல்லாத பிரேக்கைத் தேடி மேடைப் பலகையை ஓங்கி மிதித்தது. கையும் தானாக உயர்ந்தது.

"நிறுத்துங்க," என்றார்.

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. யாரோ கை தட்டினார்கள். நாடகத்தில் இதுவும் ஒரு வேடிக்கை என்று நினைத்துவிட்டார்கள். "மாஸ்டர், நீங்க நிறுத்தக் கூடாது, இது முதல் தடவைதான்," என்று நர்ஸ் ஓரத்தில் இருந்து பதறினார். மாஸ்டர் மேடையில் இருந்து குதித்தே இறங்கினார்.

"அக்கா, அவ எங்க?"

"நீ போக்கா, தலையை வலிக்குது, கொஞ்ச நேரம் கழிச்சு வர்றேன்னு சொன்னாங்களே," என்றார் மாடிவீட்டு அக்கா. சொல்லச் சொல்ல அவர் முகமும் வெளிறிப் போனது.

நர்ஸுக்கு ஒரே பார்வை போதுமானதாக இருந்தது. கேள்வி கேட்டு நேரத்தை வீணாக்கவில்லை. டீச்சரிடம் கூட்டத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கூடவே ஓடிவந்தார். பயிற்சி வண்டி வெளியேதான் நின்றது. வண்டிச் சாவி எப்போதும் மாஸ்டரின் சட்டைப் பையில். அவர் ஓட்டும் பக்கம் ஏற, நர்ஸ் மாஸ்டருடைய இடத்தில் உட்கார வேண்டியதாயிற்று. மாஸ்டர் வீட்டுக்குப் போன் போட்டார். அடித்துக்கொண்டே இருந்தது. நர்ஸ் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு முகவரியைச் சொல்லி ஆம்புலன்ஸ் அனுப்பச் சொன்னார்.

"சிஸ்டர், அவ என்கிட்ட சொன்னா. தினமும் சொன்னா. நான் சாவி எங்கன்னு கேட்டேன்." மாஸ்டரின் குரல் உடைந்து, அடையாளமே தெரியாமல் போயிருந்தது.

"ரோட்டைப் பாருங்க."

"நான் சாவி எங்கன்னு கேட்டேன் சிஸ்டர்!"

நாற்சந்தியில் சிவப்பு விளக்கு எரிந்ததை அவர் பார்க்கவில்லை. பக்கவாட்டில் இருந்து ஒரு பஸ் வந்தது. நர்ஸின் கால் கீழே இருந்த பிரேக்கை அழுத்தியது. வண்டி உதறி நின்றது. பஸ் அவர்கள் மூக்குக்கு முன்னால் கடந்து போனது. இத்தனை வருஷத்தில் இன்னொருவர் கால் தனக்காகப் பிரேக் மிதித்தது மாஸ்டருக்கு அதுதான் முதல் தடவை.

"மூச்சு விடுங்க," என்றார் நர்ஸ். "போனதும் திட்டாதீங்க, அழுது அவங்க மேல பாரத்தைப் போடாதீங்க. நேராக் கேளுங்க. எப்படிக் கேக்கணும்னு உங்களுக்குத் தெரியும்."

தெரியும். கூடம் அதிரக் கேட்டுக் காட்டியவராயிற்றே.

வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. சாத்தினாலே பூட்டிக்கொள்ளும் ரகம், வெளியில் இருந்து சாவி போட்டால்தான் திறக்கும். மாஸ்டர் பையைத் தடவினார், இன்னொரு பையைத் தடவினார். அப்போதுதான் நினைவு வந்தது. சாவி மேடையில், மேஜை மேல், மரக்கட்டையோடு, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி கிடந்தது. நர்ஸ் உடனே டீச்சருக்குப் போன் போட்டுச் சாவியை யாரிடமாவது கொடுத்து ஓடி வரச் சொன்னார்.

"கதவைத் திற!" மாஸ்டர் கதவை ஓங்கித் தட்டினார். "திறன்னா திற! என்ன பண்றே உள்ள? எழுந்து..."

வாய் தன்னால் அந்த வரிக்குப் போய்விட்டது. பற்களைக் கடித்து நிறுத்தினார். உள்ளே எந்த அசைவும் இல்லை. ஜன்னல்கள் சாத்தியிருந்தன. அவள் தைத்த திரைச்சீலைகள் ஒரு விரல் இடைவெளிகூட இல்லாமல் இழுத்து மூடப்பட்டிருந்தன. பக்கத்து வீட்டில் யாரோ குழாயைத் திறந்து மூடினார்கள். அவ்வளவு அமைதியாக அந்த வீட்டு வாசலை அவர் பார்த்ததே இல்லை. கையும் ஓடாமல் காலும் ஓடாமல் நின்றவர், மெல்லச் சரிந்து கதவில் தலையைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தார்.

"ஏம்மா," என்றார். அவருக்கே கேட்காத குரல். "நான்தான். நீ சொன்னது எனக்கு இப்போதான் காதுல விழுந்துச்சு. ரொம்ப லேட்டு. தெரியும்." தொண்டையைக் கனைத்தார். மருந்துக்கடைக்காரருக்கு ஏன் அப்படி வேர்த்தது என்று அவருக்குப் புரிந்தது. "செத்துப்போயிடணும்னு நினைக்கிறியா?"

நர்ஸ் படியில் அசையாமல் நின்றார். மாஸ்டர் மறுபடி தட்டவில்லை, மறுபடி கூப்பிடவில்லை. காத்திருந்தார்.

வெகு அருகில் இருந்து குரல் வந்தது. கதவுக்கு அந்தப் பக்கம், அதே உயரத்தில், அவளும் தரையில்தான் உட்கார்ந்திருக்கிறாள் என்று தெரிந்தது.

"அது எழுதினதுல இல்லையே."

மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். பாலிஷ் பிரஷ்ஷும் தூக்கிய விரலுமாக உட்கார்ந்திருந்த அந்த ஆளைக் கழுத்தைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது அவருக்கு.

"இல்ல," என்றார். "எழுதினது எதுவும் எனக்கு ஞாபகம் இல்ல. நானாத்தான் கேக்கறேன்."

உள்ளே மூச்சு இழுக்கிற சத்தம். நடுங்கி, நின்று, மறுபடி இழுக்கிற சத்தம்.

"ஆமாங்க," என்றாள் அவள்.

மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும், வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும், உனக்கு என்ன குறை என்று கேட்க வேண்டும் என்று மாஸ்டரின் வாய்க்குள் ஆயிரம் வரிகள் முட்டி மோதின. எல்லாம் கத்தல்கள். ஒன்றையும் வெளியே விடவில்லை.

"சொல்லு," என்றார். "நான் எங்கயும் கிளம்பல."

கதவுக்குப் பின்னால் அவள் அழ ஆரம்பித்தாள். தெருவில் மாடிவீட்டு அக்கா மூச்சிரைக்க ஓடிவந்து, மரக்கட்டையோடு இருந்த சாவியை நீட்டினார். மாஸ்டர் அதை வாங்கிக்கொண்டார். பூட்டில் போட எழுந்தவர், கையை நிறுத்தினார்.

"சாவி வந்துடுச்சும்மா. நான் திறக்கட்டுமா?"

அழுகைக்கு நடுவே அவள் எழுந்திருக்கிற ஓசை கேட்டது. பிறகு உள்ளிருந்து கைப்பிடி திரும்பியது.